இனப்படுகொலை மறுப்புக்குத் தண்டனை கேட்டு மனு: கோர்ட்டில் நிற்குமா?

பந்தலூர்க்காரன்:
கூடலூர், பந்தலூர், கோத்தகிரி டான்டீ (அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) லைன் வீடுகளில் இருக்கும், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் குடும்பங்களிடம் கையெழுத்து வாங்கி எம்.பி.யிடம் மனு கொடுக்கப் பேச்சு நடக்கிறது. ‘யூதப் படுகொலையை மறுத்தால் ஜெர்மனியில் ஜெயில். அதேபோல இலங்கையில் தமிழர்மீது நடந்த 83 ஜூலை வன்முறையையும் 2009 முள்ளிவாய்க்கால் படுகொலையையும் மறுப்பவர்களைத் தண்டிக்க இங்கேயும் சட்டம் வேண்டும்’ என்பதுதான் கோரிக்கை. பேச்சுரிமை என்ற பேரில் அடிபட்டுப் போகாதபடி இதை எழுத வழியுண்டா?

குன்னூர் வக்கீல்:
இப்படியே கொடுத்தால் நிற்காது, தோழர். அரசியல் சாசனம் 19(2)-இல் பேச்சுக்குத் தடை போடுவதற்கான காரணங்கள் எண்ணி அடுக்கப்பட்டிருக்கின்றன. பொது ஒழுங்கு அதில் உண்டு, வரலாற்று உண்மையைக் காப்பது இல்லை. ஷ்ரேயா சிங்கல் தீர்ப்பு (2015) விவாதம், ஆதரித்துப் பேசுதல், தூண்டிவிடுதல் என்று மூன்றாகப் பிரித்து, கடைசியில் மட்டும்தான் அரசு கை வைக்கலாம் என்றது. இணையப் பதிவுகளுக்குத் தண்டனை தந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஏ விழுந்ததும் அதனால்தான்.

ஜெர்மனி உதாரணமும் உங்களுக்கு உதவாது. அவர்கள் தண்டனைச் சட்டத்தில் 1994-இல் வந்த 130(3) நாஜி ஆட்சிக் குற்றங்களுக்கு மட்டும். ஐந்தாண்டு வரை சிறை. மற்ற இனப்படுகொலைகளுக்கு 2022-இல் தனி உட்பிரிவு சேர்த்தார்கள்: மூன்றாண்டு வரை, அதுவும் வெறுப்பையோ வன்முறையையோ தூண்டக்கூடிய விதத்தில் மறுத்தால்தான். பிரான்சில் யூதப் படுகொலை மறுப்புக்கு எதிரான 1990 சட்டம், நாஜிகளை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தின் சாசனத்தில் வேரூன்றியது, நின்றது. ‘நாடாளுமன்றம் அங்கீகரித்த இனப்படுகொலை’ என்று 2012-இல் விரித்தபோது அவர்களுடைய அரசியல் சாசன மன்றமே ரத்து செய்துவிட்டது. 1915-இல் ஒட்டோமான் ஆட்சியில் நடந்த ஆர்மீனியப் படுகொலையை இனப்படுகொலை அல்ல என்று மறுத்த துருக்கி அரசியல்வாதி பெரின்செக்கை சுவிஸ் தண்டித்தது பேச்சுரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2015-இல் சொன்னது. நீதிபதிகள் பத்துக்கு ஏழு, மயிரிழை.

இன்னொரு ஓட்டை: இனப்படுகொலைத் தடுப்பு ஒப்பந்தத்தை இந்தியா 1959-இல் ஏற்றது, ஆனால் இனப்படுகொலை என்ற தனிக் குற்றமே நம் தண்டனைச் சட்டத்தில் இல்லை. அஸ்திவாரம் போடாமல் மாடி கேட்கிறீர்கள்.

ஏலமலை:
அப்போ பொய் சொல்கிறவன் சொல்லிக்கொண்டே இருக்கலாமா? செத்தவர்களுக்கு என்ன மரியாதை?

குன்னூர் வக்கீல்:
பிரிவினரிடையே பகையைத் தூண்டினால் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 196 இருக்கிறது, மூன்றாண்டு வரை சிறை. பழைய தண்டனைச் சட்டத்தின் 153ஏ தான். சிக்கல் நடைமுறையில்: அரசின் முன் அனுமதி இல்லாமல் கோர்ட் வழக்கை எடுக்காது, வேண்டுமென்றே செய்ததையும் நிரூபிக்க வேண்டும். ‘83-இல் ஒன்றுமே நடக்கவில்லை’ என்று ஒருவர் எழுதியது மட்டும் போதாது. ‘அதனால் இவர்களை அடித்து விரட்டு’ என்ற பகுதி வேண்டும். அப்படிப்பட்ட பதிவைத் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்) எடுத்தால் அதில் நாள், நேரம், இணைப்பு முகவரி மூன்றும் தெரியட்டும்.

கோத்தகிரி நூலகம்:
ஏலமலை, எது இனப்படுகொலை என்று முடிவு செய்வது யார்? அரசு. இன்று நமக்குச் சாதகமாக எழுதும் பிரிவை நாளை நம் மேலேயே திருப்பலாம். துருக்கியில் ஆர்மீனியப் படுகொலை பற்றி எழுதியவர்கள்மீது ‘துருக்கியை இழிவுபடுத்தியது’ என்று தண்டனைச் சட்டத்தின் 301ஆம் பிரிவு பாய்ந்தது. ருவாண்டாவின் 2008 ‘இனப்படுகொலைச் சித்தாந்த’ச் சட்டம் அத்தனை தெளிவில்லாமல் எழுதப்பட்டதால் விமர்சகர்களையும் வளைத்தது.

மாறாக, கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2021-இல் தமிழ் இனப்படுகொலை கல்வி வாரத்தைச் சட்டமாக்கியது. மே 18-இல் முடியும் ஏழு நாள், யாருக்கும் தண்டனை கிடையாது. எதிர்த்து வழக்குப் போட்டும் சட்டம் நின்றது.

மனுவோடு வாக்குமூலங்களையும் இணையுங்கள். ஆனால் கவனம்: லைன்களில் பெரும்பாலோர் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், 84-இல் இலங்கைக் கப்பல் நிற்கும் முன் வந்தவர்கள். முள்ளிவாய்க்காலுக்கு அவர்கள் நேரடி சாட்சி அல்ல. 77, 81 கலவரங்களைப் பற்றிக் கேளுங்கள், 83 பார்த்தவர்கள் சிலர் இருக்கலாம். கண்ணால் கண்டது தனி, கேள்விப்பட்டது தனி. கலந்தால் எதிர்த்தரப்பு ஒரு வரியைப் பிடித்து மொத்தத்தையும் தள்ளிவிடும். தோட்டத்தின் பெயர், வந்த ஆண்டு, பேசியவரின் சம்மதக் கையெழுத்து. பதிவை வெட்டாமல் இரண்டு பிரதி.

பந்தலூர்க்காரன்:
சரி. தண்டனையை எடுத்துவிட்டு முதல் கோரிக்கையாக ‘இனப்படுகொலையைத் தனிக் குற்றமாக்கு’, இரண்டாவதாகப் பாடநூல் என்று வைக்கலாமா?

குன்னூர் வக்கீல்:
வைக்கலாம். பாடநூல் மாநில விஷயமும்கூட, எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு பிரதி கொடுங்கள்.