நங்கநல்லூரில் முப்பதடி ரோடு, எதிரே ஸ்டில்ட்டுக்கு மேல் ஐந்து மாடி: யாரிடம் மனு கொடுப்பது?

கேள்வி: தெற்குப் பார்த்த வீடு

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நங்கநல்லூரில் நாற்பது வருஷமாக இருக்கிறோம். அப்பா 1983-இல் ஒரு கிரவுண்டு வாங்கிக் கட்டிய தனி வீடு. அப்பா போய்விட்டார். இப்போது நானும் எண்பத்திரண்டு வயது அம்மாவும்தான்.

எதிர்ச்சாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு தனி வீடுகளை ஒரு பில்டர் ஜாயின்ட் வென்ச்சருக்கு எடுத்திருக்கிறார். மாசி மாதம் இடித்து முடித்தார்கள். கீழே கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் நிற்கும் ஸ்டில்ட், மேலே ஐந்து மாடி, மொத்தம் பன்னிரண்டு ஃப்ளாட் என்று மேஸ்திரி சொல்கிறார். எங்கள் தெருவில் இதுவரை மூன்று மாடிக்கு மேல் எதுவும் வந்ததில்லை.

என் கவலை வெயில் மறைக்கும், காற்று வராது என்பதெல்லாம் இல்லை. சாக்கடைதான். பழைய ஆட்களுக்கு ஞாபகம் இருக்கும், நாங்கள் அப்போது ஆலந்தூர் நகராட்சி. 2000 வாக்கில் பாதாளச் சாக்கடை போட வீட்டுக்கு ஐயாயிரம் ரூபாய் கட்டச் சொன்னார்கள். நாடு முழுக்கப் பேசப்பட்ட திட்டம் அது, ஜனங்களே முன்வந்து பணம் கட்டினார்கள். அப்பாவும் பென்ஷனில் இருந்து கட்டினார். ரசீதை மடித்து வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருந்தார், இன்றும் பீரோவில் இருக்கிறது. அதுவரை செப்டிக் டேங்க்தான், லாரி வந்தால் தெருவே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். குழாய் வந்த அன்று அம்மா பாயசம் வைத்தார்.

அந்தக் குழாய் போட்ட நாளில் இந்தத் தெருவில் பெரும்பாலும் ஒரு மனைக்கு ஒரு குடும்பம். அதே குழாய்தான் இன்றைக்கும். போன ஐப்பசி மழையில் ராத்திரி இரண்டு மணிக்கு பாத்ரூம் ஜாலி வழியாகத் தண்ணீர் மேலே வந்தது. அம்மாவைக் கட்டிலில் கால் தூக்கி உட்காரவைத்து, பழைய சாக்கில் மணலைக் கட்டி ஜாலி மேல் வைத்தேன். விடியும்வரை சாக்கை மிதித்துக்கொண்டு நின்றேன். இன்னும் பன்னிரண்டு வீட்டுக் கழிவு இதில் சேர்ந்தால் என்ன ஆகும்?

இன்னொன்று. தெருமுனை மனைக்கு முதன்மைக் குடியிருப்பில் இருந்து கலப்புக் குடியிருப்பாக, அதாவது வீடுகளோடு கடை, ஆபீஸும் வரக்கூடியதாக, நில உபயோக மாற்றம் கேட்டிருப்பதாகப் பேப்பரில் அறிவிப்பு வந்திருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே மனுவில் ஆட்சேபணை கொடுக்கலாமா? பதினான்கு வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போடத் தயார்.

பதில் 1: கட்டடக்காரன்

அம்மா, நான் இருபத்தைந்து வருஷமாகப் பிளான் போட்டு அப்ரூவல் வாங்கிக் கொடுக்கிறவன். இரண்டும் வேறு வேறு விஷயம். ஒரே மனுவில் போட்டால் இரண்டும் வீணாகும்.

முதலில் எதிர் வீடு. 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. அதற்கு முன் எஃப்எஸ்ஐ, அதாவது மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு, 1.5. அதை 2 ஆக்கினார்கள். அதாவது ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி மனையில் முன்பு 3,600 சதுர அடி கட்டலாம், இப்போது 4,800. அதோடு ரோடு ஒன்பது மீட்டருக்கு மேல் இருந்தால், அரசுக்குப் பணம் கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐ முப்பது சதவீதம் வாங்கலாம். பன்னிரண்டு மீட்டர் ரோடு என்றால் நாற்பது, பதினெட்டு மீட்டர் என்றால் ஐம்பது.

உங்கள் எதிர் வீட்டுக் கணக்கைப் போடுவோம். இரண்டு கிரவுண்டு, 4,800 சதுர அடி. பழைய விதியில் 7,200 சதுர அடி, சுமார் ஏழு ஃப்ளாட். இப்போது பிரீமியத்தோடு 12,480 சதுர அடி. மேஸ்திரி சொன்ன பன்னிரண்டு ஃப்ளாட் சரியாக வருகிறது. கார் நிறுத்துகிற ஸ்டில்ட் இந்தக் கணக்கில் வராது. ஹை-ரைஸ் என்ற உயர்மாடி வகைக்குப் போகாமல் 18.30 மீட்டர் உயரம் வரை போகலாம், ஐந்து மாடி அதற்குள் அடங்கிவிடும். விதிப்படி இருக்கும் கட்டடத்துக்கு அக்கம்பக்கத்தாரின் சம்மதம் தேவையில்லை. பதினான்கு என்ன, நூறு கையெழுத்து போட்டாலும் அதனால் நிற்காது. உள்ளதைச் சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது, விதிப்படி கட்டுகிறார்களா என்பதை. சைட்டில் அப்ரூவல் விவரத்தோடு பலகை இருக்க வேண்டும். நம்பரைக் குறித்துக்கொண்டு, தகவல் உரிமைச் சட்டத்தில் பிளான் நகல் கேளுங்கள். செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடம், குறைந்தாலோ ஸ்டில்ட்டில் ரூம் எழும்பினாலோ அப்போதே எழுதிக் கொடுங்கள். நகர ஊரமைப்புச் சட்டம் 56, 57 பிரிவுகளில் நோட்டீஸ் கொடுத்துப் பூட்டி சீல் வைக்க அதிகாரம் இருக்கிறது. அப்புறம், இந்த அளவு கட்டடத்துக்கு கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் இல்லாமல் கரண்ட், சாக்கடை இணைப்பு கொடுக்கக் கூடாது. அந்த இடத்தில்தான் பில்டருக்கு உண்மையான பயம்.

தெருமுனை மனை வேறு கதை. எந்த இடத்தில் என்ன கட்டலாம் என்று வகுக்கும் மாஸ்டர் பிளானையே அந்த மனை அளவுக்குத் திருத்துவது அது. சட்டத்தின் 32(4) பிரிவு. அதனால்தான் பேப்பரில் அறிவிப்பு போட்டு ஆட்சேபணை கேட்கிறார்கள். இங்கே உங்கள் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. அறிவிப்பில் உள்ள தேதிக்குள், சர்வே நம்பரைக் குறிப்பிட்டு, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தனித்தனியாகக் கொடுங்கள். ‘தெருவின் அமைதி கெடும்’ என்று எழுதாதீர்கள். ரோடு அகலம், சாக்கடை பொங்கிய தேதி, போட்டோ, புகார் எண், இப்படி எழுதுங்கள்.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று: அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் உங்கள் வீட்டுச் சுவர், காம்பவுண்டு, தரை எல்லாவற்றையும் தேதி தெரியும்படி போட்டோ எடுத்துவிடுங்கள். பிறகு விரிசல் வந்தால் ‘அது முன்பே இருந்தது’ என்பார்கள்.

பதில் 2: மேடவாக்கம் மாடிப்படி

நான் நங்கநல்லூரில் ஆறு வருஷம் வாடகைக்கு இருந்தவன். வாங்கலாம் என்று பார்த்தபோது கைக்கு எட்டவில்லை, மேடவாக்கம் தாண்டி வாங்கினேன். இப்போது பால்கனியில் நின்றால் பள்ளிக்கரணைப் பக்கம்தான் தெரிகிறது. உலகம் மதிக்கிற சதுப்புநிலம், 2022-இல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். சேர்ப்பதற்கு முன்பே அதன் பெரும்பகுதியை நாம் தின்றுவிட்டோம். ஊருக்கு நடுவில் வீடு கிடைக்காதவன் ஏரிக்கரைக்கும் சதுப்புக்கும்தானே போகிறான்? 2015 வெள்ளத்தில் முடிச்சூரும் வேளச்சேரியும் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும்.

உங்கள் ஊரில் 2016-லேயே மெட்ரோ வந்துவிட்டது. நங்கநல்லூர் ரோடு ஸ்டேஷன், இந்தப் பக்கம் பழவந்தாங்கல் ஸ்டேஷன். இரண்டு ரயிலுக்கும் நடந்து போகிற தூரத்தில் பன்னிரண்டு குடும்பம் வரட்டுமே. அங்கே வராவிட்டால் அந்தக் குடும்பங்கள் காணாமல் போகாது, என் தெருவுக்கு வரும். இங்கே பாதாளச் சாக்கடை வருவதற்கு முன்பே ஃப்ளாட் வந்துவிட்டது, இன்றும் லாரிதான். உங்கள் பாத்ரூம் கதையைப் படித்தபோது வருத்தமாக இருந்தது. ஆனால் மாடியைக் குறைக்கக் கேட்காதீர்கள், குழாயைப் பெரிதாக்கக் கேளுங்கள்.

பதில் 3: மந்தைவெளி 1986

எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். எட்டு வீடு, மூன்று மாடி, நாற்பது வயதுக் கட்டடம். போன வருஷம் எங்கள் சமையலறை ஸீலிங்கில் இருந்து ஒரு முறம் அளவுக்கு சிமென்ட் விழுந்தது. அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது, நான் பால் வாங்கக் கதவருகே போயிருந்தேன், அதனால் தப்பித்தேன். மேலே பார்த்தால் கம்பி துருவேறி உரிந்து தொங்குகிறது.

எட்டுப் பேரிடம் இடித்துக் கட்டப் பணம் இல்லை. இரண்டு வீட்டில் பென்ஷன்காரர்கள், ஒரு வீடு வழக்கில் இருக்கிறது. கூடுதல் எஃப்எஸ்ஐ வந்ததால்தான் பில்டரே எங்களைத் திரும்பிப் பார்க்கிறார். மேலே வரும் நான்கைந்து வீட்டை அவர் விற்றுக்கொள்வார், எங்களுக்குப் புது வீடு. யூடிஎஸ், அதாவது நிலத்தில் எங்களுக்குள்ள பிரிக்கப்படாத பங்கு, குறையும், தெரியும். 2022 அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும் என்று ஆகியிருப்பதால்தான் பேச்சே நகர்கிறது. மாடி கூடாது என்று சொல்லிவிட்டால் நாங்கள் அந்த ஸீலிங்குக்குக் கீழேதான் படுக்க வேண்டும். எல்லாப் பழைய ஃப்ளாட்டுக்காரர்களையும் நினைத்துப் பாருங்கள்.

தெற்குப் பார்த்த வீடு

மூன்று பேருக்கும் நன்றி. மந்தைவெளிக்காரரே, அந்த வீட்டில் சமையலறையை உடனே வேறு அறைக்கு மாற்றுங்கள், தயவுசெய்து.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் பக்கத்து வீட்டு மாமியும் அவர் பேரனும் டேப் எடுத்துக்கொண்டு தெருவை அளந்தோம். காம்பவுண்டுக்கு காம்பவுண்டு முப்பது அடி இரண்டு அங்குலம். ஒன்பது மீட்டரை ஒரு சாண் அளவுக்குத் தாண்டுகிறது. சரி, விதி அப்படித்தான் அளக்கிறது என்றால் எதிர் வீட்டுக்கு அனுமதி உண்டு, நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தார் ரோட்டை அளந்தால் பதினேழு அடி. மீதிப் பதின்மூன்று அடி எங்கே? ராம்ப், செடிப் பாத்தி, பில்லர் பாக்ஸ், மேடேறிப் போன வடிகால் மூடி. அந்தப் பதினேழு அடியிலும் ஒரு பக்கம் கார் நின்றால் தண்ணி லாரி நுழையும்போது ஆம்புலன்ஸ் முனையிலேயே நிற்க வேண்டும். தெருவிலேயே அதிகம் வெளியே நீட்டியிருப்பது எங்கள் ராம்ப். மூன்றடி பத்து அங்குலம். அப்பா ஸ்கூட்டருக்காகப் போட்டது. பேரன் அந்த அளவை நோட்டில் எழுதும்போது எனக்குத் தலை நிமிரவில்லை.

எதிர் வீட்டுக்கு ஆட்சேபணை கொடுக்கப்போவதில்லை. ஆனால் ஒன்றை விடமாட்டேன். பிரீமியம் எஃப்எஸ்ஐ என்று அந்த மனைக்குப் பணம் வாங்குகிறார்கள், உள்கட்டமைப்பு வசதிக் கட்டணம் என்று தனியாக வேறு வாங்குகிறார்கள். அந்தப் பணம் முதலில் அந்தத் தெருவின் குழாய்க்கு வரட்டும். எங்கள் தெருவில் இருக்கும் சாக்கடைக் குழாயின் விட்டம் என்ன, எத்தனை இணைப்புக்குக் கணக்கிட்டது, இன்று எத்தனை இணைப்பு இருக்கிறது என்று தகவல் உரிமையில் கேட்டு அனுப்பிவிட்டேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். 2008-இல் வந்த இரண்டாவது மாஸ்டர் பிளான் 2026 வரைக்கும்தான். அடுத்த பிளானுக்குக் கருத்துக் கேட்கும்போது அந்தப் பதிலையும் அப்பாவின் ஐயாயிரம் ரூபாய் ரசீதின் நகலையும் சேர்த்துக் கொடுப்பேன். ஒரு காலத்தில் கைப்பணம் போட்டுக் குழாய் கொண்டுவந்த ஜனங்கள் நாங்கள். குழாயைப் பற்றிக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு.

மேடவாக்கம் தம்பி, நீங்கள் சொன்னதை இரண்டு நாள் யோசித்தேன். பன்னிரண்டு குடும்பமும் வரட்டும். வருகிறவர்கள் வீட்டு ஜாலியிலும் தண்ணீர் மேலே வரக் கூடாது என்றுதான் கேட்கிறேன்.

தெருமுனை மனைக்கு மட்டும் தனித்தனிக் கடிதம் ரெடி, பதினொரு பேர். மூன்று பேர் பின்வாங்கிவிட்டார்கள், அவர்களிடமும் பில்டர் பேசியிருக்கிறார் போல. அது அவரவர் வீடு.

கட்டடக்காரன் சார், ராம்பை உடைக்கக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி, அதனால் சரிவு இல்லாமலும் முடியாது. கேட்டுக்கு உள்ளே நாலரை அடி இடம் இருக்கிறது, தரை ரோட்டைவிட ஒன்றேகால் அடி உயரம். உள்ளேயே சரிவு அமைத்தால் நாற்காலி ஏறுமா?

கட்டடக்காரன்

நாலரை அடியில் ஒன்றேகால் அடி ஏற்றினால் மிகச் செங்குத்து. பின்னால் தள்ளுகிறவரால் பிடிக்க முடியாது, அம்மா சாய்ந்துவிடுவார். ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அப்படிப் பார்த்தால் உங்களுக்குப் பதினைந்து அடி. நேராக வராது, காம்பவுண்டை ஒட்டி வீட்டின் நீளவாக்கில் திருப்புங்கள். பக்கவாட்டுச் சந்து எத்தனை அடி அகலம் என்று அளந்து சொல்லுங்கள், மூன்றரை இருந்தால் போதும். அதுவரை கொத்தனாரை ராம்பில் கை வைக்கவிடாதீர்கள்.