ஏசாவின் கண்ணீர்: திரும்பி வருகிறவனுக்குக் கதவு சாத்தியிருக்கிறதா?

நெடுவழி:
நேற்று "பழைய ஏடு" அவர்கள் இங்கே இப்படி எழுதினார்: "தேவனுக்கு எதிராகத் தெரிந்தே கலகம் செய்தவன் எவ்வளவு அழுதாலும் பயனில்லை. எபிரெயர் 12:17-இல் ஏசாவைப் பாருங்கள்." ஏசா, தகப்பனின் ஆசீர்வாதத்தைத் தம்பி யாக்கோபிடம் இழந்த மூத்த மகன். அவன் கண்ணீர்விட்டுத் தேடியும் மனம் மாறுதலைக் காணவில்லை என்கிறது அந்த வசனம். படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை.

என் மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று வேதாகமத்தைப் பெட்டிக்குள் கவிழ்த்து வைத்துப் பூட்டினேன். ஒன்பது வருடம் அதைத் திறக்கவில்லை. ஜெபிக்கிறவர்களைக் கண்டால் வாய்க்கு வந்தபடி பேசினேன். செய்தது கலகம்தான், மறுக்கவில்லை. திரும்பிப் போன முதல் ஞாயிற்றுக்கிழமை கடைசி வரிசையில் உட்கார்ந்து அழுதேன். ஆராதனை முடிந்ததும் ஒரு மூப்பர் என்னருகே வந்து, "ஏசாவும் அழுதான்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதன்பின் நான்கு மாதம் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

ஏசா அழுதது மனந்திரும்புதலுக்காக அல்ல, ஆசீர்வாதத்துக்காக. ஆதியாகமம் 27:38-ஐ எடுத்துப் பாருங்கள்: "என் தகப்பனே, என்னையும் ஆசீர்வதியும்" என்று சத்தமிட்டு அழுகிறான். மூன்று வசனம் தள்ளி, தம்பியைக் கொல்ல நாள் பார்க்கிறான். மனந்திரும்பத் துடித்தவன் செய்கிற காரியமா அது?

பழைய ஏடு:
உங்கள் துக்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் துக்கத்தை வைத்து வசனத்தை வளைக்க முடியாது. "அவன் கண்ணீர்விட்டு, கவலையோடே தேடியும் மனம் மாறுதலைக் காணாமற்போனான்" என்றுதான் எழுதியிருக்கிறது. எதைத் தேடினான்? மனம் மாறுதலை. தமிழ் வாசிக்கத் தெரிந்தவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அதே நிருபத்தின் 6-ஆம் அதிகாரம், மறுதலித்துப்போனவர்களை மறுபடியும் புதுப்பிக்கிறது "கூடாதகாரியம்" என்கிறது. கடினம் என்று சொல்லவில்லை, கூடாது என்கிறது.

நெடுவழி:
தமிழில் ஒரு சொல் விடுபட்டிருக்கிறது, ஐயா. கிரேக்க மூலத்தில் "மனமாறுதலுக்கு இடம் காணவில்லை" என்று இருக்கிறது. இடம் என்பதற்கு "தொப்பொஸ்" என்ற சொல். அடுத்து "அதைத் தேடியும்" என்று வருகிறது. "அதை" என்பது பெண்பாலில் நிற்கிறது. மனமாறுதல், "மெத்தனொயா", பெண்பால். அதற்கு முன்னால் வந்த ஆசீர்வாதம், "யூலொகியா", அதுவும் பெண்பால். ஆகவே இலக்கணம் இரண்டுக்கும் வழி விடுகிறது. எது சரி என்பதை ஆதியாகமம் சொல்லிவிடுகிறது: ஆசீர்வாதம்.

சீயோன்குரல்:
நெடுவழி அண்ணன் சொல்கிற நம்பிக்கை எனக்கும் உண்டு. ஆனால் இந்தக் கிரேக்கம் எதற்கு? பள்ளிக்கூடமே போகாத என் பாட்டி பழைய மொழிபெயர்ப்பை எழுத்துக்கூட்டி வாசித்தே விசுவாசத்தில் நிலைத்திருந்தார். அந்த வேதாகமத்தில் சொல் விடுபட்டிருக்கிறது என்று நீங்கள் சொன்னால், இன்னொருவர் நாளைக்கு இன்னொரு சொல்லைக் காட்டுவார். மனாசேயைச் சொன்னால் போதாதா? யூதாவை 55 வருடம் ஆண்ட ராஜா. விக்கிரகத்தை ஆலயத்துக்குள்ளேயே வைத்தான், பிள்ளைகளைத் தீயில் பலியிட்டான். சங்கிலியால் கட்டி பாபிலோனுக்குக் கொண்டுபோன பிறகு கெஞ்சினான். கர்த்தர் இரங்கினார். 2 நாளாகமம் 33, பச்சைத் தமிழில் இருக்கிறது.

நெடுவழி:
தம்பி, உங்கள் பாட்டியை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த மொழிபெயர்ப்பில்தான் நானும் வளர்ந்தேன். ஆனால் அதே மொழிபெயர்ப்பை ஒருவர் என் தலையில் கல்லாகப் போடும்போது, மூலத்தில் என்ன இருக்கிறது என்று நான் தேடத்தான் செய்வேன்.

பழைய ஏடு:
மனாசேயைப் பற்றி 2 இராஜாக்கள் 21-ஐயும் வாசியுங்கள். அங்கே மனந்திரும்புதல் என்று ஒரு வார்த்தை கிடையாது. 23:26-இல், அவன் பேரன் யோசியா ராஜா அவ்வளவு சீர்திருத்தம் செய்த பிறகும், மனாசே மூட்டிய கோபம் தணியவில்லை என்று இருக்கிறது. இதை மட்டும் யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை. ஏசா தேடியது மனம் மாறுதலை. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

மீன்வலை:
பதில் வந்துவிட்டது, உங்களுக்குப் பிடிக்கவில்லை. சென்ற மாதம் ஞானஸ்நானம் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் கேள்வியை விட்டுவிட்டு என் சபையைத் தாக்கினீர்கள். அதை நான் மறக்கவில்லை.

பேதுருவை ஏன் எல்லாரும் விட்டுவிட்டீர்கள்? யோவான் 18:18-இல் பிரதான ஆசாரியனுடைய அரமனை முற்றத்தில் கரிநெருப்பு. இயேசுவின் சீஷன் பேதுரு அங்கே குளிர்காய்ந்துகொண்டே அவரை மறுதலிக்கிறான். 21:9-இல் கடற்கரையில் மறுபடியும் கரிநெருப்பு, அதின்மேல் மீன். மூன்று முறை மறுதலித்தவனிடம் இயேசு மூன்று முறை "என்னை நேசிக்கிறாயா" என்று கேட்கிறார். அந்தக் கரிப்புகையின் வாசனை மூக்கில் ஏறும்போதே பேதுருவுக்குத் தன் பாவம் நினைவுக்கு வந்திருக்கும். அந்த இடத்திலேயே வைத்துத்தான் தம் ஆடுகளான விசுவாசிகளை அவனிடம் ஒப்படைக்கிறார்.

பழைய ஏடு:
பேதுரு செய்தது கலகமல்ல, பயம். ஒரு வேலைக்காரப் பெண்ணுக்குப் பயந்து வாய் தவறினான். ஒன்பது வருடம் கேலி பேசினவரோடு அவனை ஒப்பிடாதீர்கள்.

மீன்வலை:
"சபிக்கவும் சத்தியம்பண்ணவும் தொடங்கினான்" என்கிறது மத்தேயு 26:74. சபித்து, சத்தியமும் செய்வதற்கு உங்கள் ஊழியத்தில் வாய் தவறுதல் என்று பெயரா?

நெடுவழி:
"ஒன்பது வருடம் கேலி பேசினவர்." என் காயத்தை எடுத்து எனக்கே அளந்து காட்டுகிறீர்கள். நல்லது.

உங்கள் கொள்கை புதிதல்ல. 250-இல் ரோமப் பேரரசன் தேசியஸ் எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தவேண்டும் என்று கட்டளையிட்டான். பல கிறிஸ்தவர்கள் பலியிட்டுச் சான்றிதழ் வாங்கினார்கள். சிலர் பலியிடாமலே பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள். பிறகு அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். ரோமில் நொவாசியன் என்ற குரு அவர்களைச் சேர்க்கவே கூடாது என்றார். கார்த்தேஜில் பிஷப் சிப்ரியான், எடுத்த எடுப்பில் சேர்க்கவும் மாட்டேன், ஒரேயடியாகத் தள்ளவும் மாட்டேன் என்று நின்றார். 325-இல் பிஷப்புமார் கூடிய நிசேயா சங்கம், நொவாசியன் கூட்டத்துக் குருமார் சபைக்குத் திரும்பவேண்டுமானால், விழுந்து எழுந்தவர்களோடு ஐக்கியமாக இருப்போம் என்று எழுத்தில் கொடுக்கவேண்டும் என்றது. எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது உங்கள் பக்கத்தார்.

பழைய ஏடு:
சங்கத் தீர்மானம் எனக்கு வேதம் அல்ல. ஆனால் எடுத்துவிட்டீர்கள், முழுவதையும் சொல்லுங்கள். அதே சங்கத்தின் 11-ஆம் விதி: கட்டாயமில்லாமல் மறுதலித்தவர்கள் 3 வருடம் வாசிப்பைக் கேட்கிறவர்களாக, 7 வருடம் பணிந்து விழுகிறவர்களாக, 2 வருடம் ஜெபத்தில் மட்டும் சேருகிறவர்களாக இருக்கவேண்டும். மொத்தம் 12 வருடம். இன்றைக்கு ஒரு பாட்டு, நாலு சொட்டுக் கண்ணீர், முடிந்தது.

நான் ஏன் இப்படிப் பேசுகிறேன் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். என் தம்பி ஆறு முறை பீடத்தின் முன் முழங்காலிட்டு அழுதான். ஆறு முறையும் சபையார் கட்டிப்பிடித்து அல்லேலூயா சொன்னார்கள். ஆறாவது முறை அழுத அதே வாரம் அம்மாவின் வளையலை விற்றான். அம்மா வெறுங்கையோடு சமையலறையில் நின்றதை நான் பார்த்தேன். கண்ணீரை என்னிடம் காட்டாதீர்கள்.

சீயோன்குரல்:
ஐயா, இது தெரியாமல் பேசிவிட்டோம். வருந்துகிறேன்.

மீன்வலை:
நானும் வருந்துகிறேன். ஆனாலும் தம்பி மேலுள்ள கோபம் எபிரெயர் நிருபத்துக்கு விளக்கவுரை ஆகாது.

நெடுவழி:
12 வருடம் என்றீர்கள். சரி, அந்த 12 வருடத்துக்கு ஒரு முடிவு இருக்கிறது. 13-ஆம் வருடம் அவன் பந்தியில் உட்காருகிறான். நீங்கள் நேற்று எழுதினதில் அந்த 13-ஆம் வருடம் எங்கே? நான் 12 வருடமும் வாசலில் நிற்கத் தயார். கடைசி வரிசை எனக்குப் போதும். கதவே கிடையாது என்று சொல்லாதீர்கள்.

உங்கள் தம்பியின் கடனை என்னிடம் வசூலிக்கிறீர்கள். உங்கள் அம்மாவுக்காக என் மனம் வலிக்கிறது. ஆனால் லூக்கா 15-இல், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பி வந்த கெட்ட குமாரனின் உவமையில், தகப்பன், இவன் எத்தனையாவது முறை வருகிறான் என்று கேட்கவில்லை. மகன் வழிநெடுக மனப்பாடம் செய்துகொண்டு வந்த பேச்சில் "கூலிக்காரரில் ஒருவனாக வைத்துக்கொள்ளும்" என்பதும் உண்டு. 19-ஆம் வசனத்தில் இருக்கிறது. 21-இல் அவன் பேசும்போது அந்த வரி இல்லை. தகப்பன் சொல்லவிடவில்லை.

பழைய ஏடு:
உவமையில் அவன் ஒரே முறைதான் போனான், ஒரே முறைதான் வந்தான். மூத்த மகனுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது கேட்டீர்களா? வருடக்கணக்காக வயலில் உழைத்தவன் அவன். அம்மாவுக்குப் புது வளையல் செய்து போட்டவன் நான். எனக்கு யாரும் அல்லேலூயா சொல்லவில்லை.

அதிருக்கட்டும். எபிரெயர் 12:17. எதைத் தேடினான்?

மீன்வலை:
மூத்த மகனிடமும் தகப்பன் வெளியே வந்து கெஞ்சினார், ஐயா. 28-ஆம் வசனம்.

நெடுவழி:
இன்னொன்றும் பாருங்கள். ஆதியாகமம் 33:4. இருபது வருடத்துக்குப் பிறகு யாக்கோபு நடுங்கிக்கொண்டு வருகிறான். "ஏசா எதிர்கொண்டு ஓடிவந்து, அவனைத் தழுவி, அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அவனை முத்தஞ்செய்தான்." கெட்ட குமாரனின் தகப்பன் செய்ததும் இதுதான்: ஓடி, கழுத்தைக் கட்டிக்கொண்டு, முத்தஞ்செய்தான். நீங்கள் மனம் மாறவே முடியாதவன் என்று காட்டுகிற அதே ஏசா, தன்னை ஏமாற்றின தம்பியை இப்படிச் சேர்த்துக்கொண்டான்.

பழைய ஏடு:
மல்கியா 1:3, "ஏசாவையோ நான் வெறுத்தேன்." அதையும் சேர்த்து வாசியுங்கள். தழுவினது யாக்கோபுக்கும் அவனுக்கும் உள்ள காரியம். தேவனிடத்தில் அவன் தேடியது மனம் மாறுதலை, காணவில்லை.

நெடுவழி:
ஆசீர்வாதத்தை. ஆதியாகமம் 27:38. எத்தனை முறை கேட்டாலும் இதையேதான் எழுதுவேன்.