83 இனப்படுகொலையில் தப்பியவர்களை மாணவர்களிடம் பேசவைப்பது எப்படி?

கோத்தகிரிவாசி:
இங்கே சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. 1983 ஜூலையில் அங்கே தமிழர்கள் மேல் நடந்த தாக்குதலில் உயிர்தப்பிய பெரியவர்களைப் பிளஸ் டூ பிள்ளைகள் முன் பேசவைத்துப் பதிவும் செய்ய எண்ணம். பள்ளி மண்டபம் கிடைக்கும், கையில் செல்போன் மட்டும்தான். எதில் கவனம் வேண்டும்?

தேயிலைக்காடு:
மண்டபம் வேண்டாம். இருநூறு பேர் முன் நிறுத்தினால் பேப்பரில் வந்ததையே திருப்பிச் சொல்வார்கள், அல்லது பாதியில் உடைந்துபோவார்கள். அவர் வீட்டிலேயே ஆறேழு பிள்ளைகள் போதும். 45 நிமிடம், மிஞ்சினால் ஒரு மணி.

எடுத்ததும் கலவரத்தைக் கேட்காதீர்கள். எந்தத் தேயிலைத் தோட்டம், எந்த லயம் (தொழிலாளர் வரிசை வீடு), பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பு) எத்தனை மணிக்கு, ஒரு நாளைக்கு எத்தனை றாத்தல் (பவுண்டு) கொழுந்து என்று தொடங்குங்கள். அந்த வாழ்க்கை தெரிந்தால்தான் பறிபோனது என்னவென்று பிள்ளைகளுக்கு உறைக்கும். "அப்ப எப்படி இருந்துச்சு பாட்டி?" என்றால் பதில் வராது. "அடுத்து எங்க போனீங்க, கூட யாரு வந்தா?" என்றால் வரும். பேச்சு நின்றால் பத்து விநாடி பொறுக்கணும், பிள்ளைகளுக்கு அதுதான் கஷ்டம். தீ வைத்த இடத்தோடு நிறுத்திவிட்டுக் கிளம்பினால் அவருக்கு அன்றிரவு தூக்கம் போகும். பேரப்பிள்ளைகள், இன்றைய சமையல் வரை கொண்டுவந்து முடியுங்கள். மறுநாள் ஒருவர் போய்ப் பார்க்கட்டும். தேவைப்பட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மனஸ், 14416.

ஒலிப்பெட்டி:
செல்போனோடு ஒரு காலர் மைக் இருந்தால் போதும். சால்வைக்கு உள்ளே குத்தாதீர்கள், உரசும் சத்தம்தான் கேட்கும். தகரக் கூரையில் மழை விழுந்தால் பதிவு வீண். கோத்தகிரியில் ஐப்பசி, கார்த்திகையைத் தவிருங்கள். கூடலூர், பந்தலூர் என்றால் ஆனி, ஆடியை. ஏரோப்ளேன் மோட் கட்டாயம். வேவ் கோப்பு, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ: மணிக்குச் சுமார் 520 எம்பி. மூன்று பிரதி, ஒன்று வேறு வீட்டில். வாட்ஸ்அப் வாய்ஸ் நோட் மூலப்பிரதி ஆகாது.

பழைய பாஸ்போர்ட்:
வருஷம் குழம்பும். 1977 ஆகஸ்டிலும் 1981இலும் மலையகத்தில், அதாவது இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியில், தமிழர்களை அடித்தார்கள். தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்பிய சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் (1964) வழியே வந்த பலர் 83க்கு முன்பே இந்தக் கரைக்கு வந்துவிட்டவர்கள். நேரில் திருத்தாதீர்கள், வாய் மூடிக்கொள்வார். சொன்னபடியே பதிந்துவிட்டு, பிறகு பாஸ்போர்ட் முத்திரையைப் பாருங்கள். தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் 1984இல் நின்றது. கப்பலில் இறங்கியவர் என்றால் அதற்கு முன்.

கோத்தகிரிவாசி:
நன்றி. யூடியூபில் போடலாமா?

பழைய பாஸ்போர்ட்:
சம்மதத்தை இரண்டு தடவை கேளுங்கள்: பதிவுக்கு முன் ஒன்று, அவரே முழுதும் கேட்டபின் ஒன்று. கப்பல் நின்றபின் பேப்பர் இல்லாமல் படகில் வந்தவரைக் குடியுரிமைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறி என்கிறது. வந்த வழி, முகம், பெயர் எதுவும் வெளியே போகக்கூடாது. அந்தப் பதிவு குடும்பத்திடம் மட்டும் இருக்கட்டும்.