காலையில் மைத்ரி தியானம், சாயங்காலம் அம்மாவிடம் கத்தல்

நீலவானம்:
வணக்கம். ரெண்டு வருஷமாகத் தினமும் காலையில் அரை மணி நேரம் மைத்ரி தியானம் செய்கிறேன். எல்லா உயிர்களும் நலமாக இருக்கட்டும் என்று சொல்லும்போது மனசு உண்மையாகவே இளகும். அதெல்லாம் சாயங்காலம் வரைதான்.

அம்மாவுக்கு 78 வயது, மறதி நோய் முற்றிக்கொண்டு வருகிறது. அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிவிட்டது. பொழுது சாய்ந்ததும் வாசலைப் பார்த்தபடி "அப்பா இன்னும் வரலையா?" என்று கேட்பார். முதலில் உண்மையைத்தான் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அது அவருக்குப் புதுச் செய்தி. அப்போதுதான் கேள்விப்பட்டது போல அழுவார், கால் மணி நேரத்தில் அழுததையும் மறந்துவிட்டு மறுபடி அதே கேள்வி. அப்புறம் "வருவார்மா" என்று சொல்ல ஆரம்பித்தேன். பொய் சொல்வதில்லை என்று பௌத்த சீலம் (ஒழுக்க உறுதி) எடுத்துக்கொண்டவள் நான், ஒவ்வொரு "வருவார்"-உம் தொண்டையில் மாட்டுகிறது. போன வாரம் ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ கேட்டபோது கத்திவிட்டேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. போர்வை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். அந்த விரல் கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

உண்மை சொன்னால் அழுகிறார், பொய் சொன்னால் எனக்கு உறுத்துகிறது. கருணை என்றால் இங்கே எதைச் செய்வது?

கரைமணல்:
முதலில் கத்தியதைப் பற்றி. புத்தரின் உரைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயத்தில் 21-வது உரையில் வேதேஹிகா என்ற வீட்டுத் தலைவி வருகிறாள். சாவத்தி நகரமே அவளைச் சாந்தமானவள் என்று புகழ்ந்தது. காளி என்ற வேலைக்காரப் பெண்ணுக்கு ஒரு சந்தேகம்: எஜமானிக்குக் கோபமே கிடையாதா, இல்லை நான் வேலையை ஒழுங்காகச் செய்வதால் அது வெளியே வரவில்லையா? வேண்டுமென்றே மூன்று நாள் தாமதமாக எழுந்தாள். மூன்றாம் நாள் கதவின் தாழ்ப்பாள் கட்டையால் அவள் மண்டையை உடைத்தாள் வேதேஹிகா. பிடிக்காத சொல் காதில் விழும்போதுதான் ஒருவர் சாந்தமானவரா என்று தெரியும் என்று புத்தர் துறவிகளுக்குச் சொல்ல எடுத்துக்கொண்ட கதை அது. உங்கள் தியானம் வீண் என்று சொல்ல இதைச் சொல்லவில்லை. காலையில் உங்களிடம் யாரும் எதையும் ஏழு தடவை கேட்பதில்லை, அவ்வளவுதான். சாயங்காலத்தையும் பயிற்சி நேரமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தும்பைப்பூ:
எனக்கு இதில் குழப்பமே இல்லை. "பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்" என்று வள்ளுவரே சொல்லிவிட்டார். "வருவார்" என்ற சொல்லால் யாருக்கு என்ன கெடுதல்? உறுத்தலை விட்டுவிட்டு நிம்மதியாகச் சொல்லுங்கள்.

ஏட்டுச்சுவடி:
தும்பைப்பூ சொல்வதை மதிக்கிறேன், ஆனால் கேட்டவர் பௌத்த சீலம் எடுத்தவர், அந்த வழியில் பதில் கொஞ்சம் வேறு. அபயன் என்ற இளவரசன் புத்தரிடம், பிறருக்குப் பிடிக்காத சொல்லைத் தாங்கள் சொல்வீர்களா என்று மடக்கக் கேட்கிறான் (அதே மஜ்ஜிம நிகாயம், 58-வது உரை). அவன் மடியில் கைக்குழந்தை. இந்தக் குழந்தை ஒரு கல்லை வாயில் போட்டுக்கொண்டால் என்ன செய்வாய் என்று புத்தர் திருப்பிக் கேட்கிறார். ரத்தம் வந்தாலும் விரலை விட்டு எடுப்பேன், குழந்தை மேல் எனக்கு இரக்கம் இருக்கிறதே என்கிறான் அபயன். அதன் பிறகு புத்தர் தாம் எதைப் பேசுவார் என்று வகைப்படுத்துகிறார். உண்மையாக இருந்தாலும் நன்மை தராததைப் பேசுவதில்லை. உண்மையாகவும் நன்மையாகவும் இருப்பதைக்கூட நேரம் பார்த்துத்தான் பேசுகிறார். பொய், ஆனால் நன்மை தரும் என்று ஒரு வகை அந்தப் பட்டியலிலேயே இல்லை.

ஆக, அப்பா இறந்த செய்தியைத் தினமும் புதிதாகச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அதற்காக "வருவார்" என்றும் சொல்ல வேண்டாம். நடுவில் இடம் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

இரவுப்பணி:
அந்த நடு இடத்தைப் பற்றி நான் சொல்கிறேன், முதியோரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. அம்மா கேட்பது தகவல் இல்லை. பொழுது சாயும் நேரத்தில் மறதி நோயாளிகள் பலருக்குப் பதற்றம் கூடும். அந்த நேரத்தில் அவருக்குப் பாதுகாப்பாகத் தோன்றும் ஆளைத் தேடுகிறார். அதனால் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தேடலுக்குப் பதில் சொல்லுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பா ஞாபகம் வந்துடுச்சாம்மா? அவர் வந்ததும் முதல்ல என்ன செய்வார்?" என்று கேளுங்கள். இதில் பொய் எங்கே இருக்கிறது? இருட்டுவதற்கு முன்பே விளக்கையும் போட்டுவிடுங்கள், நிழல்கள் பயமுறுத்தும்.

இன்னொன்று. ஐந்தாம் நூற்றாண்டில் அனுராதபுரத்தில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பௌத்தத் தியான நூலில் கருணைக்கு ரெண்டு பகை சொல்லியிருக்கிறது. தூரத்துப் பகை கொடுமை, அது எல்லாருக்கும் தெரியும். கிட்டத்துப் பகை துக்கம். கருணை மாதிரியே முகம் காட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிடும். அம்மா அழும்போது நீங்களும் சேர்ந்து மூழ்கினால் ஏழாவது கேள்விக்குள் உங்களிடம் ஒன்றும் மிச்சம் இருக்காது, கத்தல்தான் வரும். நான் இதை வேலையில் பல வருஷம் தப்பாகச் செய்து, ஒரு கட்டத்தில் வேலையை விடும் நிலைக்கு வந்துதான் புரிந்துகொண்டேன். வாரத்தில் ஒரு சாயங்காலமாவது வேறு யாராவது அம்மாவோடு இருக்க ஏற்பாடு செய்யுங்கள். தயவுசெய்து இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீலவானம்:
எல்லோருக்கும் நன்றி. நேற்று ஆறு மணிக்கு முன்பே விளக்குப் போட்டேன். அம்மா கேட்டார். "வந்ததும் அப்பா முதல்ல என்னம்மா செய்வார்?" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "செருப்பை ஒழுங்கா விடமாட்டார், நான்தான் நேரா எடுத்து வைப்பேன்" என்று சிரித்தார். எனக்கே மறந்துபோயிருந்தது அது. அப்புறமும் நாலு தடவை கேட்டார், மூன்றாவது தடவை எனக்குக் குரல் கொஞ்சம் ஏறியது, உடனே தெரிந்தது, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். சனிக்கிழமை சாயங்காலங்களில் வர முடியுமா என்று தம்பியிடம் கேட்டிருக்கிறேன்.