கால்குலேட்டர் டேபிளில் ‘எரர்’ தப்பான வரியில் வந்தது: உங்களுக்கு நேர்ந்ததையும் எழுதுங்கள்

சிங்கை டியூஷன்
கருவி டிஐ-84 பிளஸ் கிராஃபிங் கால்குலேட்டர், கணக்கு ஒய் = 1/(எக்ஸ்−2). மாணவி அடைப்புக்குறி போடாமல் 1/எக்ஸ்−2 என்று அடித்துவிட்டாள், கருவி அதை (1/எக்ஸ்)−2 என்று எடுத்துக்கொண்டது. செகண்ட், கிராஃப் விசைகளை அழுத்தினால் எக்ஸ், ஒய் மதிப்புகளின் டேபிள் அழகாக வந்து நிற்கிறது. எக்ஸ் = 1-க்கு மட்டும் கையால் போட்டுப் பார்த்தாள்: −1. டேபிளிலும் −1. உடனே வரையப் போய்விட்டாள். அந்த இரண்டு கோவைகளும் ஒத்துப்போகிற ஒரே இடம் எக்ஸ் = 1 தான்! எக்ஸ் = 2-க்கு எதிரே ‘எரர்’ இருக்க வேண்டும், ஆனால் −1.5 இருந்தது. ‘எரர்’ இரண்டு வரி மேலே, 0-க்கு எதிரே இருந்தது. தொலைத் தொடுகோடே (வளைவரை நெருங்கிக்கொண்டே போய்த் தொடாத கோடு) இடம் மாறிப்போச்சு. டேபிள் வந்ததும் முதலில் பகுதி, அதாவது பின்னத்தின் கீழ்ப்பாகம், எங்கே பூஜ்யமாகிறதோ அந்த வரியைப் பாருங்கள்.

பகுதி தொகுதி
அடைப்புக்குறியை நினைவில் வைத்துக்கொள் என்று பிள்ளைகளிடம் சொல்வதோடு விடக்கூடாது. மேத்பிரிண்ட் (புத்தகத்தில் எழுதுவதுபோல் பின்னத்தைக் காட்டும் முறை) உள்ள டிஐ-84-இல் ஆல்ஃபா, ஒய்= அழுத்தினால் பின்ன மெனு வரும். முதல் தேர்விலேயே மேல் கட்டம், கீழ் கட்டம் கிடைக்கும். எக்ஸ்−2-ஐக் கீழ்க் கட்டத்தில் அடித்தால் குழப்பமே இல்லை. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கழித்தல் விசை வேறு, எதிர்க்குறி விசை வேறு. எதிர்க்குறி என்டருக்கு இடப்பக்கம், அடைப்புக்குறிக்குள் இருக்கும். ஹோம் ஸ்கிரீனில் −2² என்று அடித்தால் −4 வரும், ஏனென்றால் வர்க்கம் முதலில், குறி பிறகு. ஒய் = எக்ஸ்² டேபிளில் எக்ஸ் = −2-க்கு 4 வரும். டேபிள்தான் சரி. சரிபார்க்கும்போது (−2)² என்று அடியுங்கள். டேபிளில் ஒய்1 பத்தியே காணோமா? ஒய்= திரையில் அந்தச் சமக்குறியின் கறுப்புக் கட்டம் அணைந்திருக்கும். கர்சரை அதன்மேல் வைத்து என்டர் அழுத்துங்கள்.

கால் படி
‘எரர்’ வந்தால் கண்ணில் படும். எதுவுமே காட்டாத டேபிள்தான் ஆபத்து. ஒய் = 4எக்ஸ்² − 12எக்ஸ் + 8.75. எக்ஸ் வரிக்கு வரி கூடும் அளவான டெல்டா டேபிள் 1. எக்ஸ் = 1-க்கு 0.75, எக்ஸ் = 2-க்கும் 0.75. குறி மாறவில்லை, ஆகவே மூலமே (ஒய் பூஜ்யமாகும் எக்ஸ் மதிப்பே) இல்லை என்று எழுதிவிட்டான் பையன். செகண்ட், விண்டோ போய் டெல்டா டேபிளை 0.25 ஆக்கியதும் 1.25-இல் 0, 1.5-இல் −0.25, 1.75-இல் 0. இரண்டு மூலமும் ஒரே படிக்குள் ஒளிந்திருந்தன. பரவளையம் என்றால் முதலில் அச்சைக் கண்டுபிடியுங்கள், இங்கே எக்ஸ் = 1.5. அதே செட்டப்பில் இண்டிபெண்டன்ட் வரியை ‘ஆஸ்க்’ ஆக்கி, டேபிளில் 1.5 என்று நீங்களே அடித்தால் போதும்.

கேஸியோ கை
மேலே கால் படி என்பவர் சொன்னதைக் கேஸியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் பிளஸ் கால்குலேட்டரில் 0 முதல் 10 வரை செய்தால் 41 வரி ஆகும். அதன் எல்லை 30. நினைவகம் போதாது என்று நிறுத்திவிடும். தொடக்கம் 1, முடிவு 2, படி 0.25 கொடுங்கள், 5 வரிதான்.

சிங்கை டியூஷன்
பகுதி தொகுதி, நீங்கள் சொன்ன பின்னக் கட்டம் நல்லதுதான். ஆனால் மோட் ‘கிளாசிக்’கில் இருந்தால் அந்தக் கட்டம் திரையில் வராது, ஒரே வரியில்தான் எழுத வேண்டும், அப்போது அடைப்புக்குறி பழகியிருக்கத்தான் வேண்டும். ரீசெட் பற்றி யாரும் எழுதவில்லையே. ரீசெட் செய்த கருவி ரேடியன் கோண அளவுக்குத் திரும்பிவிடும், டேபிள் ஸ்டார்ட் 0, டெல்டா டேபிள் 1. பாகையில் கேட்ட கணக்கில் சைன் 30-க்கு எதிரே 0.5 இல்லாமல் −.988 தெரிந்தால் மோட் திரைக்குப் போங்கள்.