கறுப்புக் கார், கடற்கரை வீடு, போர் தண்ணீர்: கழுவவும் பாலிஷ் போடவும் எவற்றை வாங்குவது?

திருவொற்றியூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். திருவொற்றியூரில் கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தொலைவுக்குள் குடியிருக்கிறேன். பதினான்கு மாதங்களுக்கு முன் வாங்கிய கறுப்பு நிறக் கார், கூரை இல்லாத இடத்தில்தான் நிற்கிறது. எங்கள் குடியிருப்பில் பல வண்டிகளைத் துடைக்கும் ஒருவர், தினமும் விடியற்காலையில் ஒரு வாளித் தண்ணீரையும் ஒரு பழைய துணியையும் வைத்துக்கொண்டு என் வண்டியையும் துடைத்து வந்தார். தூரத்திலிருந்து பார்த்தால் பளபளப்பாகத்தான் இருந்தது. சில மாதங்களுக்கு முன் வெயில் நேராக பானெட்டின் மீது விழுந்தபோது, சூரியனின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல ஆயிரக்கணக்கான மெல்லிய கோடுகளைக் கண்டு மனம் நொந்துவிட்டேன்.

அருகிலுள்ள ஒரு வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் மெஷின் பாலிஷ் போட்டார்கள். கோடுகள் மறைந்தன, இரண்டு மாதத்திற்குள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. ஆகவே நானே ஒரு பாலிஷ் மெஷின் வாங்கிவிடலாம் என்று ஆறாயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எந்த வகை மெஷின், எந்த பாலிஷ், எந்த வாக்ஸ் வாங்கினால் நம் பகுதிக்கு ஏற்றதாக இருக்கும்? எங்கள் வீட்டில் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் என்பதையும் கணக்கில் கொண்டு சொல்லுங்கள்.

தண்டையார்பேட்டை அண்ணன்

தம்பி, மெஷினை இப்போதைக்கு வாங்காதீர்கள். மெஷின் போட்ட பிறகும் கோடுகள் திரும்பியதற்குக் காரணம், கோடு விழுகிற வழி அடைபடாமல் இருப்பதுதான். அந்த வழி, தினமும் காலையில் வரும் அந்த ஒரு வாளித் தண்ணீர்.

நாளை காலை யாரும் துடைப்பதற்கு முன், பானெட்டின் மீது விரலை ஒற்றி எடுத்து, அந்தத் தூசியை இரு விரல்களுக்கிடையில் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருக்கும். உள்நாட்டு ஊர்களின் செம்மண் தூசியைப் போன்றதன்று நம் பகுதித் தூசி. எண்ணூரை அடுத்த அத்திப்பட்டு, வல்லூர் அனல்மின் நிலையங்களின் நிலக்கரிச் சாம்பல், கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் சாலை மணல், கடற்காற்று கொண்டுவரும் உப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தது அது. சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும். இரண்டுமே வண்டியின் மேற்பூச்சைவிடக் கடினமானவை. இரவு ஈரத்தில் உப்பு அதைப் பெயிண்டோடு ஒட்டவைத்துவிடுகிறது. அதன்மேல் துணியை அழுத்தி வட்டமாகத் துடைப்பது, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். இருபது வண்டி துடைத்த துணி அதே வாளியில் மீண்டும் மீண்டும் முக்கப்படுகிறது என்பதையும் நினைத்துப் பாருங்கள். துடைப்பவரின் மீது குறை சொல்வதற்கில்லை. ஒரு வாளித் தண்ணீரில் யாராலும் அதைவிட நன்றாகச் செய்ய முடியாது. அவருக்கு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, கண்ணாடிகளை மட்டும் துடைக்கச் சொல்லுங்கள்.

வண்டியின் நிறத்திற்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 35 முதல் 50 மைக்ரான் தடிமன்தான், தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொரு மெஷின் பாலிஷும் அதில் ஓரிரு மைக்ரானைச் சீவி எடுத்தே கோட்டை மறைக்கிறது. இரண்டு மாதத்திற்கு ஒருமுறை சீவினால் நாலைந்து வருடங்களில் சீவுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

ஆகவே, பணத்தைத் துணியிலும் வாளியிலும் தண்ணீரிலும் போடுங்கள். முதலில், அழுக்கைத் தொடாமலேயே இறக்குவதற்கு ஒரு கருவி வேண்டும். குழாயும் மின்சார இணைப்பும் வண்டி நிற்கும் இடத்தில் இருந்தால் வீட்டு உபயோக பிரஷர் வாஷர் நல்லது. அகல விசிறியாகப் பீய்ச்சும் நாசிலைப் போட்டு, ஓரடி தள்ளியே பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் செடிகளுக்கு மருந்தடிக்கும் ஐந்து லிட்டர் கைப்பம்பு போதும். நான் முதல் நான்கு வருடங்கள் அதை வைத்துத்தான் சமாளித்தேன். அதில் கார் ஷாம்பூ கலந்த தண்ணீரை வண்டி முழுவதும் அடித்து, நான்கைந்து நிமிடங்கள் ஊறவிட்டு, நுரை காய்வதற்குள் நல்ல தண்ணீரால் இறக்கிவிடுங்கள். சாம்பலில் பெரும்பகுதி அப்போதே போய்விடும்.

அடுத்து இரண்டு வாளிகள்: ஒன்றில் ஷாம்பூ, மற்றொன்றில் வெறும் தண்ணீர். மைக்ரோஃபைபர் கையுறையை ஷாம்பூவில் முக்கி, கூரையிலிருந்து கீழ்நோக்கி நேர்கோடாக, அழுத்தாமல் இழுக்க வேண்டும். ஒரு பகுதி முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் திரும்ப ஷாம்பூவில் முக்க வேண்டும். அலசும் வாளி வெள்ளை நிறமாக இருக்கட்டும். கழுவி முடித்து ஐந்து நிமிடம் கழித்து அதன் அடியைப் பாருங்கள். கரும்சாம்பல் நிறத்தில் மைபோலப் படிந்திருப்பதைப் பார்த்த பிறகு, வாழ்நாளில் நீங்கள் கழுவாத வண்டியில் துணியை வைக்க மாட்டீர்கள். சக்கரங்களுக்குத் தனித் துணி. அதை எக்காரணம் கொண்டும் மேலே கொண்டுவரக் கூடாது.

ஷாம்பூவில் பெயரைப் பார்த்து அதிகம் குழம்ப வேண்டியதில்லை. 3எம், டர்டில் வாக்ஸ், மெகுயர்ஸ், வேவெக்ஸ் என்று கிடைப்பவற்றில், அமிலமும் காரமும் இல்லாத நடுநிலை ஷாம்பூ என்று போட்டிருக்கும் எதுவானாலும் சரி. பாத்திரம் கழுவும் திரவமும் துணி சோப்புத்தூளும் மட்டும் வேண்டாம். போட்ட வாக்ஸை அவை அரித்துவிடும். காயவைக்கும் துண்டு பெரியதாகவும் தடிமனாகவும் இருக்கட்டும். அதைத் தேய்க்காமல், பரப்பி ஒற்றி எடுங்கள். மைக்ரோஃபைபரைத் துவைக்கும்போது வாசனைக்காகப் போடும் துணி கண்டிஷனரைச் சேர்த்தால் இழைகளில் படிந்து உறிஞ்சும் தன்மை போய்விடும்.

வியாசர்பாடி பெயிண்டர்

அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. இருபத்திரண்டு வருடங்களாகப் பட்டறையில் டிங்கரிங், பெயிண்டிங் பார்க்கிறேன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

ரப்பிங் காம்பவுண்ட், பாலிஷ், வாக்ஸ் மூன்றையும் ஒன்றென்று நினைத்துக் கடையில் கேட்பவர்கள் அதிகம். காம்பவுண்ட் ஆழமாகச் சீவும். பாலிஷ் மெல்லச் சீவி மெருகேற்றும். வாக்ஸ் எதையும் சீவாது, மேலே ஒரு படலமாக நின்று காக்கும். உங்களுக்குப் பாலிஷ் போட்டவர்கள் வட்டமாக மட்டும் சுழலும் ரோட்டரி மெஷினில் கம்பளி பேடு மாட்டி, காம்பவுண்டைக் கொண்டே முடித்திருக்கக்கூடும். அப்படி முடித்தால், கோடுகள் மறைந்ததுபோல் தெரிவதற்கு அதிலுள்ள எண்ணெய்ப் பசையே காரணமாக இருக்கும். நாலு தடவை கழுவியதும் அது போய், அடியில் உள்ளவை எல்லாம் தெரியும். அனுபவம் இல்லாதவர் கையில் ரோட்டரி மெஷின் மிகவும் ஆபத்தானது. கதவின் விளிம்பிலும் பம்பரின் மூலையிலும் ஒரு நொடி கூடுதலாக நின்றாலும் பூச்சு எரிந்துவிடும். பிளாஸ்டிக் பம்பர் சூட்டை வெளியேற்றாததால் அங்கே இன்னும் சீக்கிரம் எரியும். பிறகு என்னைப் போன்றவர்களிடம்தான் வர வேண்டியிருக்கும். பின்னாளில் வாங்குவதானால், சுழன்றபடியே அதிரும் டூயல் ஆக்‌ஷன் மெஷினையும் நுரை பேடையும் வாங்குங்கள்.

இன்னொன்று: வண்டியில் எங்காவது புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் ஒரு மாதமாவது அந்த இடத்தில் வாக்ஸ் போடாதீர்கள், உள்ளிருக்கும் தின்னர் ஆவியாக வேண்டும். சிலிகான் கலந்த பளபளப்புத் திரவங்களையும் தவிருங்கள். அந்தப் பசை படிந்த தகட்டில் பெயிண்ட் அடித்தால் மீன் கண்போலக் குழி குழியாக விழும். அதைச் சரிசெய்ய நாங்கள் படும் பாடு கொஞ்சமன்று.

கடற்கரை வண்டிக்கு மேற்பூச்சைவிட அடிப்பகுதிதான் முதலில் கெடும். கதவின் அடி விளிம்பில் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். அவை சேற்றால் அடைத்துக்கொண்டு உப்புத் தண்ணீர் உள்ளே தேங்கிவிட்டால், கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை தென்னை ஈர்க்குச்சியால் அந்தத் துளைகளைக் குத்திவிடுங்கள். செலவே இல்லாத வேலை. வாக்ஸுக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் வண்டி பத்து வருடம் கூடுதலாக நிற்கும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

கொருக்குப்பேட்டை ரயிலடி

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் பாதை இருப்பதால் வெள்ளை வண்டியில் செம்மஞ்சள் புள்ளிகள் விழும். அது பறந்து வந்து ஒட்டிக்கொண்ட இரும்புத்துகள். ஷாம்பூவுக்குப் போகாது. இரும்பு நீக்கி என்று விற்கும் திரவத்தை அடித்தால் ஊதா நிறமாகி வழியும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் என்பதால் வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். மிச்சத்தைக் கிளே பார் என்ற களிமண் போன்ற கட்டியைக் கொண்டு, ஷாம்பூத் தண்ணீர் தெளித்தபடி எடுக்கலாம். கிளே பார் தரையில் விழுந்தால் தயங்காமல் தூக்கி எறியுங்கள். கறுப்பு வண்டியில் கிளே பார் மெல்லிய தடம் விடும். பிறகு பாலிஷ் போடுவதாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

திருவொற்றியூர்வாசி

அனைவருக்கும் மிக்க நன்றி. மெஷின் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். இரண்டு ஐயங்கள் மட்டும் உள்ளன. போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுகிறது. வீட்டு ஆர்ஓ கழிவுத் தண்ணீரைப் பயன்படுத்தலாமா? வாக்ஸில் எந்த வகையை வாங்குவது?

தண்டையார்பேட்டை அண்ணன்

ஆர்ஓ கழிவுத் தண்ணீர் வேண்டவே வேண்டாம், தம்பி. வடிகட்டிப் பிரித்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. போர் தண்ணீரைவிட அது அடர்த்தியானது. போர் தண்ணீரில் முதற்கட்டமாகக் கழுவிவிட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீர் வாரியம் தரும் மெட்ரோ தண்ணீர் இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள். அதைவிடச் சிறந்தது ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து உருவாவதால் அதில் உப்பு கிட்டத்தட்ட இராது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஓரிரவில் ஒரு வாளி எளிதாகச் சேரும். வெயில் ஏறுவதற்கு முன், பானெட் சூடாக இல்லாதபோதே கழுவி முடியுங்கள். ஏற்கெனவே விழுந்த திட்டுகளுக்கு, வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் ஒற்றிவைத்துவிட்டு உடனே கழுவுங்கள்.

வாக்ஸில், கார்னௌபா என்பது பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கும் மெழுகு. கறுப்பு நிறத்தில் அதன் ஆழமான மெருகுக்கு ஈடில்லை. ஆனால் கூரையில்லாமல் நிற்கும் வண்டியில், சித்திரை வெயிலில், ஒன்றரை மாதம் தாங்கினாலே பெரிது. உங்களுக்கு, மெழுகுக்குப் பதிலாகப் போடும் செயற்கை பாலிமர் சீலண்டையே பரிந்துரைக்கிறேன். மூன்று நான்கு மாதங்கள் நிற்கும். கழுவித் துடைத்ததும் தெளித்துப் பரப்பும் வகை கையால் போட மிக எளிது. ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் ஒருமுறை, தை முடிந்ததும் ஒருமுறை, கத்திரி வெயில் கழிந்ததும் ஒருமுறை போட்டால் போதும். தரமான செராமிக் பூச்சு இன்னும் பல மடங்கு தாங்கும் என்றாலும், இருக்கும் கோடுகளை நீக்காமல் அதைப் போட்டால் கோடுகளைக் கண்ணாடிக்குள் வைத்துப் பூட்டியதாகிவிடும்.

எர்ணாவூர்வாசி

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆலையிலிருந்து கசிந்த எண்ணெய் புகுந்தபோது, என் வண்டியின் கதவுகள் பாதி உயரம் வரை கறுத்துவிட்டன. பதற்றத்தில் மண்ணெண்ணெயும் பனியன் வேஸ்ட்டுமாகத் தேய்த்தேன். எண்ணெய் போயிற்று, ஆனால் கதவு ரப்பர்கள் ஊதிவிட்டன, கீறல்கள் இன்றும் இருக்கின்றன. தார் நீக்கும் திரவம் ஒரு புட்டி எப்போதும் வீட்டில் இருக்கட்டும். மூடும் கவரையும் அழுக்கு வண்டியின் மீது இழுக்காதீர்கள்.

திருவொற்றியூர்வாசி

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். கைப்பம்பு, இரண்டு வாளிகள், இரண்டு கையுறைகள், ஒரு பெரிய துண்டு, ஆறு சிறு துணிகள், ஷாம்பூ, தெளிக்கும் சீலண்ட் அனைத்தும் சேர்த்து மூவாயிரத்து நானூறு ரூபாய் ஆயிற்று. ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழேகால் மணிக்கு முடிக்கிறேன். வெள்ளை வாளியின் அடியில் படிந்ததை என் மகளுக்குக் காட்டினேன், "இதையா அப்பா நாம் சுவாசிக்கிறோம்?" என்று கேட்டாள், எனக்குப் பதில் வரவில்லை. பழைய கோடுகள் அப்படியேதான் உள்ளன, புதியவை சேரவில்லை. ஈர்க்குச்சியால் குத்தியபோது பின் இடப்பக்கக் கதவின் துளையிலிருந்து அரைக் குவளை அளவுக்குக் கலங்கல் தண்ணீர் வடிந்தது. பெயிண்டர் ஐயாவுக்குத் தனிப்பட்ட நன்றி.