கணக்கில் திணறும் 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்தச் செயலி நிஜமாகவே உதவும்?

தென்காசி_மாலைவகுப்பு:

மாலை வகுப்புக்கு 14 பிள்ளைகள் வருகிறார்கள். ஒன்பதும் பத்தும் கலந்து, எல்லோரும் அரசுப் பள்ளி, தமிழ் வழி. கைவசம் 4 ஜிபி ரேம் உள்ள பழைய லேப்டாப் ஒன்று, ஆண்ட்ராய்டு போன் மூன்று. இணையம் என்றால் போன் டேட்டாதான், மாலையில் அதுவும் சுற்றிக்கொண்டே நிற்கும். காசு கொடுத்து எதையும் வாங்க முடியாது.

வீடியோ பாடங்கள் போட்டுப் பார்த்தாயிற்று. பார்க்கும்போது தலையாட்டுகிறார்கள், மறுநாள் அதே கணக்கைக் கொடுத்தால் வெள்ளைத்தாள். பத்தாவதில் ஐந்து பேர் 35 எடுப்பதே சந்தேகம். போனை நீட்டினால் விடையைச் சொல்லும் செயலிகளை அவர்களே கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள், அதைத் தடுப்பதா விடுவதா என்றும் தெரியவில்லை. எதில் தொடங்கலாம்?

---

கரும்பலகை:

செயலியைத் தேடுவதற்கு முன்னால் ஒரு தாள், 20 நிமிடம். பத்தாம் வகுப்புக் கணக்கில் விழுகிற பிள்ளை பெரும்பாலும் பத்தாம் வகுப்புப் பாடத்தில் விழுவதில்லை; நாலாவதிலிருந்து ஏழாவதுக்குள் எங்கேயோ விட்ட ஓட்டையில் விழுகிறது. வீடியோ பலிக்காததற்கு இதுதான் காரணம். வீடியோ இருபடிச் சமன்பாட்டைச் சொல்கிறது, பிள்ளைக்குக் குறை எண்ணே தெரியாது.

இந்த ஏழையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள். விடை சரியா தப்பா என்பதைவிட என்ன தப்பு என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

302 − 178. விடை 124. 276 என்று எழுதினால், ஒவ்வொரு இடத்திலும் பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது, இடமதிப்பு இல்லை.
3/4 + 2/5. விடை 23/20. 5/9 என்றால் தொகுதியையும் பகுதியையும் தனித்தனி எண்களாகப் பார்க்கிறது.
0.35, 0.4 இரண்டில் எது பெரியது? 0.35 என்றால், 35 நாலைவிடப் பெரியது என்ற கணக்கு.
−7 − (−3). விடை −4. −10 என்று வருவது அதிகம்.
(−3)-இன் வர்க்கம். −9 என்று எழுதுகிற பிள்ளைக்கு வரைபடக் கேள்வி நிச்சயம் போகும்.
8 + 4 = □ + 5. விடை 7. கட்டத்தில் 12 என்று எழுதினால், சமக்குறியை ‘இங்கே விடை எழுது’ என்ற உத்தரவாக எடுத்துக்கொள்கிறது. இயற்கணிதம் மொத்தமும் இந்த ஒரு குறியில்தான் நிற்கிறது.
240-இல் 15 சதவீதம். விடை 36.

இப்போது செயலிக்கு வரலாம். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்கள் இலவசம், பலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. ஒவ்வொரு சிமுலேஷனின் பக்கத்திலும் மொழிப் பட்டியல் இருக்கும், பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். சமக்குறி தடுமாறுகிறவர்களுக்கு ‘ஈக்வாலிட்டி எக்ஸ்ப்ளோரர்’. அது ஒரு தராசு. ஒரு தட்டில் 8-உம் 4-உம், மறுதட்டில் 5 வைக்கச் சொல்லுங்கள்; தராசு சாயும், சமமாக்க எத்தனை வேண்டும் என்று பிள்ளையே எண்ணிப் போடும். குறை எண்ணுக்கு ‘நம்பர் லைன்: ஆபரேஷன்ஸ்’. அதில் பணமும் கடனும் எண்கோட்டில் நகரும். ‘3 ரூபாய் கடனைத் தள்ளுபடி செய்தால் நீ முன்னைவிட மேலேயா, கீழேயா?’ என்று கேட்டுவிட்டு −(−3)-ஐ எழுதிக் காட்டுங்கள். ‘மைனஸும் மைனஸும் பிளஸ்’ என்ற மந்திரத்தை அதற்குப் பிறகு சொல்லிக்கொடுத்தால் போதும். முதலிலேயே சொல்லிவிட்டால் −7 − 3-க்கும் +10 என்று எழுதுவார்கள்.

பின்னத்துக்கு பாலிபேட் என்ற இணையப் பலகை. பட்டைகளை இழுத்து ஒன்றன்கீழ் ஒன்றாக வைக்கலாம். 1/2-ஐயும் 1/3-ஐயும் ஒட்டி வைத்து, அதற்குக் கீழே ஒரே அளவுப் பட்டைகளால் மிச்சமில்லாமல் நிரப்பச் சொல்லுங்கள். நான்கிலொன்று பொருந்தாது, ஆறிலொன்று ஐந்து சரியாக உட்காரும். மீ.சி.ம. எதற்கு என்பது அங்கே தெரிந்துவிடும். அடுத்து 3/4 + 1/6-ஐக் கொடுங்கள்.

திரையில் செய்த ஒவ்வொன்றையும் உடனே நோட்டில் படமாக வரைந்து, பக்கத்தில் எண்ணால் எழுத வேண்டும். இந்தப் படியை விட்டால் திரையில் வரும், தாளில் வராது.

---

வரைபடத்தாள்:

பத்தாவது ஐந்து பேருக்கு மட்டும் தனியாகச் சொல்கிறேன். 100 மதிப்பெண் தாளில் 16 மதிப்பெண் கடைசி இரண்டு கேள்விகளில் இருக்கிறது: வடிவியல் வரைதல் 8, வரைபடம் 8. இரண்டிலும் ‘அல்லது’ உண்டு. கேள்வி வகைகள் குறைவு, பயிற்சிக்கு உடனே பலன் தரும். 35-ஐ எட்ட வேண்டியவர்களுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

இதற்கு வரைபடமும் வடிவியல் படமும் வரையும் மென்பொருளான ஜியோஜீப்ரா போதும். மெனுவில் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய லேப்டாப்புக்கு ‘கிளாசிக் 5’ இலகுவாக ஓடும். ஒருமுறை நிறுவிவிட்டால் இணையம் வேண்டாம். பாடப்புத்தகத்தின் இணையச் செயல்பாட்டுப் பக்கங்களிலும் ஜியோஜீப்ரா தாள்கள்தான் இருக்கின்றன.

ஆனால் பலரும் செய்கிற தப்பு, சார்பைத் தட்டச்சு செய்து பரவளையத்தைக் காட்டிவிட்டு முடித்துக்கொள்வது. அது சினிமா. தலைகீழாகச் செய்யுங்கள். உதாரணத்துக்கு ‘எக்ஸ் வர்க்கம் − எக்ஸ் − 6’. −4 முதல் 4 வரை அட்டவணையைப் பிள்ளை தாளில் போடட்டும். பிறகு தன் விடைகளை அப்படியே புள்ளிகளாக ஜியோஜீப்ராவில் உள்ளிடட்டும். கடைசியாகத்தான் சார்பைத் தட்ட வேண்டும். வளைவரை வந்ததும் தப்பான புள்ளி தனியே துருத்திக்கொண்டு நிற்கும். −3-க்குச் சரியான மதிப்பு 6. வர்க்கத்தில் குறியைத் தப்பவிட்டவருக்கு −12 வந்திருக்கும். நாம் சிவப்பு மையால் அடிக்கத் தேவையில்லை, புள்ளியே காட்டிக்கொடுத்துவிடும். இன்னொரு சோதனை: −3-க்கும் 4-க்கும் ஒரே மதிப்பு 6 வருகிறதா? சமச்சீர் அச்சு என்னவென்று அப்போது சொல்லலாம்.

நேர்கோட்டுக்கு ஸ்லைடர் வைப்பதாக இருந்தால் முதலில் அதன் படி அளவை மாற்றுங்கள். ஜியோஜீப்ரா தானாக −5 முதல் 5 வரை, 0.1 படியில் வைக்கும். கோடு வழுக்கிக்கொண்டே போகும், பிள்ளைகள் விளையாடுவார்கள். படி 1 என்று வைத்து, ‘சாய்வை 2-லிருந்து −2 ஆக்கினால் கோடு எப்படி இருக்கும், தாளில் வரை’ என்று கேட்டு, வரைந்த பிறகே நகர்த்த விடுங்கள்.

முக்கோணவியலில் ஒரு பொறி இருக்கிறது. டெஸ்மாஸ் வரைபடக் கால்குலேட்டர் தொடக்கத்தில் ரேடியனில் இருக்கும். சைன் 30 என்று தட்டினால் 0.5 வராது, −0.988 வரும். புத்தகம் தப்பு என்று பிள்ளை நினைத்துவிடும். ஸ்பேனர் படத்தைத் தொட்டு டிகிரிக்கு மாற்றுங்கள். ஜியோஜீப்ராவில் 30-க்குப் பின்னால் பாகைக் குறியைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

அளவுத்திட்டத்தைத் திரையில் பழக்க முடியாது. விரலால் பெரிதாக்கினால் அச்சு மாறிக்கொண்டே இருக்கும். ‘1 செ.மீ = 2 அலகுகள்’ என்பதை வரைபடத்தாளில்தான் பழக வேண்டும். வடிவியல் வரைதலும் அப்படியே: படிப்படியாக ஓட்டிக் காட்ட ஜியோஜீப்ரா உதவும், காம்பஸ் நழுவாமல் பிடிக்க உதவாது.

---

தென்காசி_மாலைவகுப்பு:

கரும்பலகை சார், 11 பேருக்குத் தாள் வைத்தேன். 8 + 4 = □ + 5-இல் ஏழு பேர் 12. பத்தாவதுப் பிள்ளைகளும் இதில் உண்டு! இணையத்தில் வீடியோவும் பயிற்சியும் தரும் கான் அகாடமியையும் பலர் சொல்கிறார்கள், ஆனால் டேட்டாதான் பிரச்சினை. இணையம் இல்லாமல் ஓட்ட வழி உண்டா?

---

கம்பியில்லாக்_கணக்கு:

உண்டு. இணையம் இல்லாமலே பாடங்களைத் தரும் கோலிப்ரி என்ற மென்பொருளை லேப்டாப்பில் நிறுவுங்கள். இலவசம், விண்டோஸிலும் ஓடும். நல்ல இணையம் கிடைக்கும் இடத்தில் ஒருமுறை கான் அகாடமி சேனலிலிருந்து வேண்டிய தலைப்புகளை மட்டும் இறக்குங்கள். முழுச் சேனலையும் தேர்ந்தெடுத்தால் வட்டு நிறைந்துவிடும். பின்னம், முழுக்கள், விகிதம், ஒருபடிச் சமன்பாடு, இவ்வளவு போதும். வீடியோதான் இடத்தை அடைக்கும். பயிற்சிகளுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

வகுப்பில் ஒரு போனில் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு, லேப்டாப்பையும் மற்றப் போன்களையும் அதில் சேருங்கள். டேட்டாவை அணைத்துவிடலாம். கோலிப்ரியின் சாதனத் தகவல் பக்கத்தில் ஒரு முகவரி இருக்கும், வழக்கமாக 8080 என்று முடியும். அதைப் போனின் பிரவுசரில் தட்டினால் பாடம் வந்துவிடும்.

வராவிட்டால் பார்க்க வேண்டிய இடம் மூன்று. விண்டோஸ் ஃபயர்வால் தடுத்திருக்கும். அந்த நெட்வொர்க்கைத் ‘தனியார்’ என்று மாற்றி, கோலிப்ரியை அனுமதியுங்கள். அல்லது, வைஃபையில் இணையம் இல்லை என்று போனே அதை விட்டுவிட்டு மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கும். ‘இணைப்பிலேயே இரு’ என்று சொல்லுங்கள். மூன்றாவது, நேற்றைய முகவரி. ஹாட்ஸ்பாட்டை அணைத்துப் போட்டால் எண் மாறக்கூடும், புக்மார்க்கை நம்பாதீர்கள்.

ஃபெட் சிமுலேஷனையும் ஒற்றைக் கோப்பாக இறக்கிப் போனில் வைத்துக்கொள்ளலாம். திறக்கும்போது குரோமைத் தேர்ந்தெடுங்கள். சில போன்களில் வேறு வியூவர் திறந்து வெறும் வெள்ளைத் திரை காட்டும்.

---

விடைத்தாள்:

கான் அகாடமி பற்றி ஒரு எச்சரிக்கை. ஆங்கிலத்தில் கொடுத்தால் பிள்ளை கணக்கில் தோற்கிறதா, மொழியில் தோற்கிறதா என்று தெரியாது. எண் மட்டுமே வரும் பயிற்சிகளை எடுங்கள், வார்த்தைக் கணக்குகளைப் புத்தகத்திலிருந்து கொடுங்கள். அடுத்தது, நேரடித் தளத்தில் பயன்படுத்தினால் குறிப்புப் பொத்தானைக் கவனியுங்கள். அதை அழுத்திக்கொண்டே போனால் கடைசிக் குறிப்பில் விடை வந்துவிடும். அந்தக் கேள்வி தவறாகவே கணக்கில் ஏறும், ஆனால் பிள்ளைக்கு அதில் கவலை இல்லை. நாலு விடையில் ஒன்றைத் தேர்வது தவிர்த்து, விடையைத் தட்டச்சு செய்யும் பயிற்சிகளே நல்லது. இன்னொன்று, பதினைந்து வயதுப் பிள்ளையிடம் ‘ஐந்தாம் வகுப்பு’ என்று தலைப்பில் எழுதியிருக்கும் பக்கத்தைத் திறந்து கொடுக்காதீர்கள். பயிற்சிக்கு நேராகப் போகும் இணைப்பைத் திறந்து கொடுங்கள்.

போட்டோமேத் மாதிரி படம் பிடித்து விடை சொல்லும் செயலியைத் தடுக்க முடியாது, வீட்டில் செய்வார்கள். வகுப்பிலேயே பயன்படுத்தும் முறையைப் பழக்கிவிடுங்கள். முதலில் தாளில் முழுசாகச் செய்ய வேண்டும். பிறகு படம் பிடித்துக் கடைசி விடையை மட்டும் ஒப்பிட வேண்டும். மாறினால் படிகளை மேலிருந்து ஒவ்வொரு வரியாகத் திறந்து, தன் வரியோடு முதலில் எங்கே வேறுபடுகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். அந்த வரியை வட்டமிட்டு, மீதியைச் செயலியை மூடிவிட்டுச் செய்ய வேண்டும். கையெழுத்தில் 1-ஐ 7 என்றும், பெருக்கல் குறியை எக்ஸ் என்றும் அது படித்துவிடும். திரையில் தெரியும் கணக்கு தன் கணக்குதானா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

ஏஐ அரட்டைச் செயலிகளை இந்த நிலைப் பிள்ளைகளிடம் தனியாக விட நான் சம்மதிக்க மாட்டேன். தப்பைக்கூடத் தெளிவாக, தயங்காமல் விளக்கும். அது தப்பு என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அது தேவைப்படாது.

சூத்திரம் மறப்பவர்களுக்கு அன்கிட்ராய்டு. கேள்வி முன்பக்கம், விடை பின்பக்கம் என்று அட்டைகளை நாள்விட்டு நாள் திரும்பக் காட்டும் செயலி அது. புதிய அட்டை நாளுக்கு 20 என்று அது தானாக வைத்திருக்கும். 5 ஆக்குங்கள், இல்லாவிட்டால் இரண்டு வாரத்தில் மறுபார்வை குவிந்து தூக்கிப் போட்டுவிடுவார்கள். ‘கூம்பின் வளைபரப்பு என்ன?’ என்று எழுதாமல், ‘ஆரம் 7, உயரம் 24, வளைபரப்புக்கு முதலில் எதைக் கண்டுபிடிக்க வேண்டும்?’ என்று எழுதுங்கள். பின்பக்கம்: சாயுயரம், 25. கோட்டை விடுவது பெரும்பாலும் அங்கேதான். சூத்திரம் தெரியும், 24-ஐ அப்படியே போட்டுவிடுவார்கள்.

---

கோணமானி:

ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஆறேழு வாரம் ஒழுங்காகச் செய்தும் 8 + 5-க்கு விரல் எண்ணுகிற, 48 நூறுக்குப் பக்கமா ஐம்பதுக்குப் பக்கமா என்று சொல்ல முடியாத, ஆனால் தமிழ் நன்றாகப் படிக்கிற பிள்ளை இருந்தால், அது சோம்பல் இல்லை, கணிதக் கற்றல் குறைபாடாக இருக்கலாம். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதுவும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடுகளில் அடங்கும். பெற்றோரையும் தலைமையாசிரியரையும் சேர்த்து உட்கார வைத்துப் பேசுங்கள், மதிப்பீட்டுக்கு வழி கேளுங்கள். பொதுத்தேர்வு நெருங்கிய பிறகு ஓடினால் சான்றிதழுக்கு நேரம் போதாது. இந்தப் பிள்ளைகளுக்கு நேரக் கெடு வைத்த வினாடி வினாச் செயலிகளைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

---

கரும்பலகை:

ஏழு பேர் 12 என்றால் தராசுதான் முதல் வேலை. நான்கு திரை, 14 பிள்ளைகள். இரண்டு இரண்டு பேராக எட்டுப் பேர் திரையில், ஆறு பேர் தாளில், 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். ஜோடியில் ஒருவர் திரையைத் தொடட்டும், மற்றவர் நோட்டில் எழுதட்டும். ஐந்து நிமிடத்தில் கை மாற வேண்டும். மூன்று பேரை ஒரு போனில் விட்டால் மூன்றாமவர் வேடிக்கைதான் பார்ப்பார்.

திரையை எப்போது எடுப்பது என்று குழம்ப வேண்டாம். அதே வகைக் கணக்கில் தாளில் மட்டும், வேறு வேறு நாளில், மூன்று தடவை ஐந்துக்கு ஐந்து வந்தால் அந்தச் சிமுலேஷன் போதும், அடுத்த ஓட்டைக்குப் போகலாம். தேர்வறையில் கால்குலேட்டரே கிடையாது. வாராவாரம் ஒரு நாள் போன் எதையும் எடுக்காமலே வகுப்பு நடத்துங்கள். அன்றைக்கு வரும் தப்புகளை வைத்து மறுவாரம் எதைத் திறப்பது என்று முடிவு செய்யலாம்.